குரேயிலிருந்து நாகஓகா வரை: அட்மிரல் யமாமோட்டோவின் இடங்கள்

ஜனவரி 20, குரே

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பல்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்ட வாரத்தில், சென்னை நகரத்து மக்கள் பெட்டி படுக்கையுடன் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் ஓடினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய விமானந்தாங்கிக் கப்பல்களை நடத்தி வந்தவர் நகுமோ சூயிச்சி. அவருக்கும் மேலே, ஜப்பானின் கூட்டுக் கப்பற்படை முழுவதற்கும் தலைவராக, குரேவுக்குத் தெற்கே ஹஷிராஜிமா என்னும் தீவின் அருகே நங்கூரமிட்ட போர்க்கப்பலில் இருந்தபடி உத்தரவிட்டவர் அட்மிரல் யமாமோட்டோ இசொரோக்கு. அமெரிக்காவுடன் போர் கூடாது என்று மற்ற எவரையும்விட உரக்கச் சொன்ன மனிதரே அந்தப் போரின் முதல் அடியைத் திட்டமிட்டவரும் ஆனார் என்பது என்னைப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்த செய்தி. அவர் படித்த இடத்தையும் பிறந்த ஊரையும் புதைக்கப்பட்ட மண்ணையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

குரே இன்றும் கப்பல் கட்டும் ஊர்தான். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் யமாட்டோ அருங்காட்சியகம் இருக்கிறது; நான் போனபோது நுழைவுக் கட்டணம் 500 யென், நம் பணத்தில் 300 ரூபாய்க்கும் குறைவு. உள்ளே நுழைந்ததும் யமாட்டோ போர்க்கப்பலின் பத்தில் ஒரு பங்கு மாதிரி, 26.3 மீட்டர் நீளத்தில், கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒருவர் அவர்களை அதட்டாமல், ஒவ்வொருவரிடமும் குனிந்து காதில் ஏதோ சொல்லிச் சொல்லியே வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

யமாட்டோவைக் கட்டுவதை எதிர்த்தவர்களில் யமாமோட்டோவும் ஒருவர். இனிக் கடற்போரை முடிவு செய்யப்போவது விமானம்தான், இத்தனை பெரிய பீரங்கிக் கப்பலுக்கு வேலை இருக்காது என்பது 1930களிலேயே அவருடைய கட்சி. ஆனாலும் கப்பல் கட்டி முடிக்கப்பட்டு 1941 டிசம்பரில் படையில் சேர்ந்தது. அடுத்த பிப்ரவரியில் அவரே தம் கொடியை அதில் ஏற்றிக்கொண்டார். பிறகு அது பசிபிக்கின் ட்ரக் தீவில் மாதக்கணக்கில் நின்றபோது, மற்றக் கப்பல்களின் மாலுமிகள் அதை யமாட்டோ ஹோட்டல் என்று கேலி செய்தார்கள். வேண்டாம் என்று சொன்னதன் மேலேயே ஏறி உட்கார நேர்வது அவருக்கு அதுவே முதல் முறையும் இல்லை, கடைசி முறையும் இல்லை.

மதியம் கடற்படைக் கறி சாப்பிடலாம் என்று போனேன். இந்த ஊரில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கறிப் பக்குவம் உண்டு, ஊர்க் கடைகள் கப்பலின் பெயரைச் சொல்லியே விற்கின்றன. மாட்டிறைச்சி இல்லாத கறி உண்டா என்று கைபேசி மொழிபெயர்ப்பியில் கேட்டபோது, பரிமாறிய பெண் சமையலறைக்கும் என் மேசைக்குமாக மூன்று முறை நடந்து, கடைசியில் இறால் போட்ட கறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று தலை குனிந்தார். 1,400 யென். குழம்பு இனிப்பாக இருந்தது. மிளகாய்ப் பொடி கேட்க மனம் வரவில்லை.

ஜனவரி 21, எடாஜிமா

குரே துறையிலிருந்து படகில் இருபது நிமிடம், அங்கிருந்து பேருந்து. இம்பீரியல் கடற்படைக் கல்லூரி 1888இல் டோக்கியோவிலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றப்பட்டது. இப்போது தற்காப்புக் கடற்படையின் பயிற்சிப் பள்ளி. குறித்த நேரங்களில் பொதுமக்களைக் குழுவாக அழைத்துச் சென்று காட்டுகிறார்கள், கட்டணம் கிடையாது. ஓய்வு பெற்ற அதிகாரி போலத் தோன்றிய வழிகாட்டி, நாங்கள் எந்தக் கோட்டில் நடக்க வேண்டும் என்பதைக் கூடச் சொல்லித்தான் அழைத்துப் போனார். 1893இல் எழுந்த செங்கல் கட்டடம் அவ்வளவு பழையது என்று நம்ப முடியவில்லை. செங்கல்லின் விளிம்பு ஒன்றாவது உடைந்திருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். விரலால் தடவினால் பளிங்கு போல வழுக்கியது.

யமாமோட்டோ இங்கே 1901இல் சேர்ந்து 1904இல் வெளியேறினார், 32ஆவது அணி. அப்போது அவர் பெயர் தகானோ இசொரோக்கு. அந்த அணியில் முதல் மாணவர் ஹோரி தெய்க்கிச்சி. யமாமோட்டோவுக்கு உயிர் நண்பர். பின்னாளில் கடற்படை அமைச்சர்களான யோஷிதா செங்கோவும் ஷிமாதா ஷிகெதாரோவும் அதே அணிதான். ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்களை ஆதரித்தார் என்பதற்காக ஹோரியை 1934இல் படையிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். குரூசர் ரகப் போர்க்கப்பல் பிரிவு ஒன்றை இழப்பதும் ஹோரியை இழப்பதும் ஒன்றா என்ற கொதிப்பில் தாமும் விலகிவிட நினைத்தவர் யமாமோட்டோ. அன்று விலகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.

கல்லூரியை விட்டு வெளியேறிய சில மாதங்களில், 1905 மே 27 அன்று, ரஷ்யாவுடனான சுஷிமா கடற்போரில் நிஷ்ஷின் என்னும் கப்பலில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெடிப்பில் இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. காலிலும் தொடையிலும் சதை கிழிந்தது. ரஷ்யக் குண்டா, சொந்தப் பீரங்கி வெடித்ததா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இன்னொரு விரல் போயிருந்தால் படையிலிருந்து அனுப்பியிருப்பார்கள் என்று சொல்வதுண்டு. பின்னாளில் டோக்கியோவின் ஷிம்பாஷி கெய்ஷாக்கள், அதாவது விருந்துகளில் ஆடிப் பாடும் பெண்கள், அவரை எண்பது சென் என்று கூப்பிட்டார்களாம்: நகம் திருத்தப் பத்து விரலுக்கு ஒரு யென் என்றால் எட்டு விரலுக்கு எண்பது சென்தானே. அவரும் அதற்குச் சிரித்தாராம்.

ஆவணக் கூடத்துக்குள் தொப்பியைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக் கூடாது. படியேறும்போதே எல்லாரும் குரலைத் தாழ்த்திவிட்டார்கள். என் பின்னால் வந்த இளைஞன் தன் பிளாஸ்டிக் மேலங்கி சரசரப்பதற்குக் கூச்சப்பட்டு அதைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். தற்கொலைப் படையில் இறந்த பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதங்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் எவரும் அதிக நேரம் நிற்கவில்லை, நானும்தான்.

வெளியே வந்தபோது காற்று பலமாகிவிட்டது. துறைக்குப் போனால் படகு நிறுத்தப்பட்டிருந்தது, மீண்டும் எப்போது ஓடும் என்பதற்குப் பதில் இல்லை. கைகள் விறைத்துப் போய் நின்ற என்னை, பார்வைக் குழுவில் என்னோடு வந்த ஒரு முதிய தம்பதி தங்கள் காரில் ஏறச் சொன்னார்கள். தீவுகளைப் பாலங்கள் இணைக்கின்றன. ஹயாசே பாலம், பிறகு ஒண்டோ பாலம் என்று சுற்றிக்கொண்டு குரேவுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவர்கள் வீடு எதிர்த் திசையில் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. எரிபொருளுக்குப் பணம் கொடுக்க முயன்றேன். அந்த அம்மாள் என் கையை மூடிவிட்டு, அதில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 23, நாகஓகா

டோக்கியோவிலிருந்து வடக்கே போகும் அதிவேக ரயில் மலைக்குக் கீழே 22 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் நுழையும்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது வெள்ளையைத் தவிர வேறு நிறமே இல்லை. நாகஓகா, நீகாதா மாவட்டத்தில், ஜப்பானில் அதிகமாகப் பனி பொழியும் பகுதிகளில் ஒன்று.

இந்த ஊர்க்காரர்கள் பனியை வெட்டி அள்ளுவதோடு நில்லாமல் தண்ணீர் விட்டும் கரைக்கிறார்கள். சாலையின் நடுவே பதித்த குழாயிலிருந்து, சிறு சிறு துளைகள் வழியே நிலத்தடி நீர் இரவும் பகலும் ஊற்றெடுத்துக்கொண்டே இருக்கிறது. நிலத்துக்கு அடியில் இருக்கும் நீர் குளிர்காலத்திலும் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால் பனி கரைந்து ஓடிவிடும். இந்த ஏற்பாடு பிறந்ததே நாகஓகாவில்தான், 1961 வாக்கில். நீரில் இரும்புச் சத்து அதிகம். தெருக்கள் முழுக்கச் செங்காவி நிறத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. நடைபாதையில் பனி, தெருவில் தண்ணீர், கடந்து போகும் கார்கள் வாரி இறைப்பது மீதி. ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குள் போவதற்குள் காலணி, காலுறை, முழங்கால் வரை பேன்ட் எல்லாம் ஊறிவிட்டன. விடுதி வரவேற்பில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். ஒரு சொல் பேசாமல் உள்ளே போய்ப் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, காலணிக்குள் எப்படித் திணிப்பது என்று செய்து காட்டினார். மறுநாள் காலையில் முக்கால்வாசி காய்ந்திருந்தது.

நிலையம் நிற்கும் இடத்தில்தான் முன்பு நாகஓகாக் கோட்டை இருந்தது. கோட்டையின் சுவடு இன்று ஏதும் மிஞ்சவில்லை, காரணம் 1868ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர். புதிதாக எழுந்த பேரரசுப் படையை எதிர்த்து இந்தச் சிறு சமஸ்தானம் நின்றது. கோட்டை விழுந்தது, மீட்கப்பட்டது, மறுபடி விழுந்தது. ஊர் சாம்பலாயிற்று. யமாமோட்டோவின் தந்தை தகானோ சடயோஷி அந்தத் தோற்ற படையில் போரிட்டவர். பசியில் கிடந்த ஊருக்கு 1870இல் கிளைச் சமஸ்தானம் ஒன்று நூறு மூட்டை அரிசி அனுப்பியபோது, சமஸ்தானத்து அதிகாரி கொபயாஷி தொரசபுரோ அதைப் பங்கிட்டுத் தின்ன விடாமல், பள்ளிக்கூடத்துக்குச் செலவிட வைத்தார். வாளோடு வந்து சண்டை பிடித்த சாமுராய்களிடமும் அவர் இறங்கிவரவில்லை. தோற்றவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறு வழியில்லை என்ற அந்த எண்ணத்தில் வளர்ந்த ஊரில், 1884 ஏப்ரல் 4 அன்று ஆறாவது ஆண் பிள்ளையாக இசொரோக்கு பிறந்தார். அப்போது தந்தைக்கு வயது ஐம்பத்தாறு. அந்த எண்ணையே மகனுக்குப் பெயராக வைத்துவிட்டார்.

இரவு, இஞ்சி போட்ட சோயா ராமென். இந்த ஊரின் அடையாளமே அதுதான். பன்றி எலும்புச் சாறில்லாமல் ராமென் செய்ய முடியாது என்று கடைக்காரர் கையை விரித்ததால், பக்கத்துக் கடையில் டோச்சியோ டோஃபுப் பொரியல் வாங்கிக்கொண்டேன். உள்ளங்கை நீளம், இரண்டு விரல் தடிமன், உள்ளே வெங்காயத்தாள் வைத்துச் சுட்டு, சோயா ஊற்றித் தருகிறார்கள். 500 யென்னுக்குள் வயிறு நிறைந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் எனக்காக ராமெனின் வாசனையைக் கையால் விசிறிக் காட்டிச் சிரித்தார்.

ஜனவரி 24, நாகஓகா

யமாமோட்டோ நினைவகம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. இதற்கும் 500 யென். கட்டடம் சிறியது. நடுக்கூடத்தில், மேல்பூச்சு உரிந்து சாம்பல் நிறம் தெரிய, ஒரு விமானத்தின் இடது இறக்கை கிடக்கிறது. 1943 ஏப்ரல் 18 அன்று யமாமோட்டோவோடு சுட்டு வீழ்த்தப்பட்டு, புகென்வில் தீவுக் காட்டில் விழுந்த குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை; 1989இல் பப்புவா நியூகினியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அருகே அவர் உட்கார்ந்திருந்த இருக்கை. ஓட்டைகள் எவை குண்டு துளைத்தவை, எவை துரு தின்றவை என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. தகடு சில இடங்களில் துணி போலச் சுருண்டிருந்தது.

அவருடைய பயண நிரலை வானொலி வழியே அனுப்பிய சங்கேதச் செய்தியை அமெரிக்கர்கள் உடைத்துப் படித்துவிட்டார்கள். எந்த நிமிடத்தில் எங்கே இறங்குவார் என்பது வரை அதில் இருந்தது. குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாதவர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கர் வசமிருந்த குவாடல்கனால் தீவிலிருந்து பதினெட்டு பி-38 போர் விமானங்கள் கிளம்பின, பதினாறு சென்று சேர்ந்தன, கடல் மட்டத்தை ஒட்டியே பறந்து சொன்ன நேரத்துக்கு அங்கே காத்திருந்தன. அவரது மரணத்தை ஜப்பானிய அரசு மே 21 வரை மக்களிடம் சொல்லவில்லை.

இங்கே தன்னார்வமாக விளக்கம் சொல்லும் ஒரு மூதாட்டி இருந்தார். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும், உங்கள் ஊர்ப் பக்கமும் எங்கள் கப்பல்கள் வந்தனவே என்று அவரே ஆரம்பித்து, மன்னிப்புக் கேட்பது போலத் தலை குனிந்தார். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு அவர் காட்டியவை பெரும்பாலும் கடிதங்கள். மனிதர் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறார்! இறந்த வீரர்களின் பெற்றோருக்கு, ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு, பழைய நண்பர்களுக்கு. கையெழுத்து, பயிற்சி ஏட்டில் எழுதியது போல ஒரே சீராக இருக்கிறது.

அமெரிக்காவை அவர் வெறும் எதிரியாக அறிந்தவரில்லை. 1919 முதல் 1921 வரை ஹார்வர்டில் படித்தார். 1926 முதல் இரண்டாண்டு வாஷிங்டனில் தூதரகக் கடற்படைப் பிரதிநிதி. டெட்ராய்ட்டின் கார் ஆலைகளையும் டெக்சாஸின் எண்ணெய் வயல்களையும் பார்த்தவன் அந்த நாட்டோடு போருக்குப் போக மாட்டான் என்று ஊர் திரும்பிய பின் சொல்லி வந்தார். போக்கரில் கில்லாடி, மது அருந்த மாட்டார், சூதாட்டம் என்றால் இரவு முழுக்கக் கண் விழிப்பார். 1936 இறுதியில் கடற்படைத் துணை அமைச்சரான பின், அமைச்சர் யோனாய் மிட்சுமாசாவும் கடற்படை அதிகாரி இனோவே ஷிகெயோஷியும் அவரும் சேர்ந்து ஜெர்மனியுடன் கூட்டணி கூடாது என்று பிடிவாதமாக நின்றார்கள். தீவிரவாதிகள் கொலை மிரட்டல் விடுத்தார்கள். 1939 மே மாதமே மரண சாசனம் போல ஒரு குறிப்பை எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார். தலைநகரில் இருந்தால் வெட்டிவிடுவார்கள் என்றுதான் அந்த ஆகஸ்டு 30இல் அவரைக் கூட்டுக் கப்பற்படைத் தலைவராக்கிக் கடலுக்கு அனுப்பிவிட்டார் யோனாய்.

இதுவரை சொன்னதில் எனக்கும் மூதாட்டிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதற்குப் பிறகுதான் சிக்கல். 1940 செப்டம்பரில் கடற்படைத் தலைவர்கள் கூடி ஜெர்மனி, இத்தாலியுடனான மூவர் கூட்டணிக்கு ஒப்புதல் தந்த கூட்டத்தில், நம் மூலப்பொருள்களில் பெரும்பகுதி அமெரிக்க, பிரிட்டிஷ் வட்டாரத்திலிருந்து வருகிறதே, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டவர் அவர் ஒருவரே. பதில் வரவில்லை, அவரும் உட்கார்ந்துவிட்டார். பிரதமர் கொனோயே கேட்டபோது, ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கடலில் ஆட்டம் காட்டுவேன், இரண்டு மூன்று ஆண்டுகள் நீண்டால் எனக்கு நம்பிக்கையில்லை என்றார். பிரதமரிடம் "முடியாது" என்று ஒரு சொல்லில் முடித்திருக்க வேண்டியதை இப்படி இழுத்துச் சொன்னது அவர் செய்த பெரும் பிழை என்று இனோவே பின்னாளில் குறை சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. 1941 அக்டோபரில் ஹோரிக்கு எழுதிய கடிதத்தில், என் சொந்தக் கருத்துக்கு நேர் எதிரான முடிவை மேற்கொண்டு அதன்படியே நடக்க வேண்டியிருக்கிறது என்று வருந்துகிறார். அதே அக்டோபரில், ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் தளத்தைத் தாக்கும் திட்டத்துக்குக் கடற்படைத் தலைமையகம் இணங்காவிட்டால் தாமும் தம் அலுவலர்களும் பதவி விலகுவதாகத் தூதனுப்பித் திட்டத்தை நிறைவேற்றிக்கொள்கிறார். அடுத்த ஏப்ரலில், பசிபிக் தீவான மிட்வேயைப் பிடிக்கும் திட்டத்துக்கும் ஏறத்தாழ அதே மிரட்டல்தான்.

விலகிவிடுவேன் என்ற சொல்லுக்கு அத்தனை வலிமை இருக்கிறது என்று தெரிந்தவர், தம் போர்த்திட்டங்களைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தினாரே தவிர, போரைத் தடுக்க ஒருமுறையும் பயன்படுத்தவில்லை. இதை மூதாட்டியிடம் கேட்டேன். மொழிபெயர்ப்பியில் வந்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். படைவீரர் அவர், பேரரசர் போருக்கு ஆணையிட்டால் வேறு என்ன செய்வார் என்றார். அது பதில்தான். ஆனால் அக்டோபரில் பேரரசரின் ஆணை இன்னும் வந்திருக்கவில்லையே என்று நான் சொன்னதற்கு, அவர் சிரித்துக்கொண்டே, நீங்கள் மதிய உணவு சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

ஜனவரி 25, நாகஓகா

காலையில் அவர் பிறந்த வீட்டின் மாதிரியைப் பார்த்தேன். மூல வீடு 1945இல் எரிந்துவிட்டது. இப்போதிருப்பது அதே இடத்தில் மீண்டும் கட்டியது. மாடிப்படி ஏணி போலச் செங்குத்து. படிப்பறை என்று சொல்லும் இடத்தில் என் தலை இடித்தது.

அங்கிருந்து சோகோஜி கோயில். கோயில் இடுகாட்டில் பாதை எது, கல்லறை எது என்று தெரியாதபடி பனி மூடியிருந்தது. பனி தள்ளிக்கொண்டிருந்தவர் நான் கேட்காமலே புரிந்துகொண்டு, மண்வெட்டியால் எனக்கு முன்னே வழி வெட்டிக்கொண்டு போனார். இடுப்பு வரை புதைந்த கற்கள் நடுவே ஒன்றைக் காட்டி, கையுறையால் அதன் மேலிருந்த பனியைத் துடைத்துவிட்டார். அஸ்தியின் ஒரு பகுதி இங்கே. 1868இல் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்ட யமாமோட்டோ தத்தேவாக்கி என்னும் இருபத்துநான்கு வயதுப் படைத்தலைவரின் குடும்பம் வாரிசின்றி நின்றதால், 1916இல் தகானோ வீட்டுப் பிள்ளை அந்தக் குடும்பத்துக்குத் தத்துப் போனார். யமாமோட்டோ என்ற பெயர் வந்தது அப்படித்தான். அரசுப் படையால் கலகக்காரர் எனக் கொல்லப்பட்ட ஒருவரின் வாரிசுக்கு, அதே அரசு 1943இல் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது.

மதியம் போர்ச்சேத அருங்காட்சியகம், கட்டணமில்லை. 1945 ஜூலை 20 அன்று நாகஓகாவில் ஒற்றைக் குண்டு விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அது அணுகுண்டு போடும் ஒத்திகைக்காகச் செய்த மாதிரிக் குண்டு என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஆகஸ்டு 1 இரவு பத்தரை மணிக்கு பி-29 விமானங்கள் வந்தன. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் நகரத்தின் எண்பது சதவீதம் எரிந்தது, 1,488 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் புகைப்படங்கள் சுவர் முழுக்க. பள்ளிச் சீருடையில் குழந்தைகள் அதிகம். யமாமோட்டோவின் ஊர் என்பதால்தான் எரித்தார்கள் என்ற பேச்சு ஊரில் உண்டாம். ஆனால் அமெரிக்கர்களின் இலக்குப் பட்டியல் மக்கள்தொகை வரிசைப்படி தயாரானது. அதே இரவு ஹச்சியோஜி, மிட்டோ, தோயாமா ஆகிய ஊர்களும் எரிந்தன. மூதாட்டி முந்தைய நாள் யமாமோட்டோவைப் பற்றி ஏன் அத்தனை அடங்கிய குரலில் பேசினார் என்பது இந்தச் சுவரைப் பார்த்த பிறகு கொஞ்சம் விளங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1 இரவு பத்தரைக்கு வெள்ளைச் செவ்வந்தி வடிவ வாணம் விடுகிறார்கள். அடுத்த இரு இரவுகள் ஊர் முழுக்க வாணவேடிக்கை. 2012இல் நாகஓகாவும் ஹொனலூலுவும் சகோதர நகரங்களாயின. 2015 ஆகஸ்டு 15 அன்று அந்த வெள்ளை வாணம் பேர்ல் ஹார்பரின் மேலேயே விடப்பட்டது.

திரும்பும் வழியில் மஞ்சு வாங்கினேன், பயற்றுப் பூரணம் வைத்து அவித்த பண்டம், நம் கொழுக்கட்டைக்கு ஜப்பானிய அத்தை மகள். யமாமோட்டோ இதைச் சர்க்கரை போட்ட பனிக்கட்டித் தண்ணீரில் மூழ்க வைத்துத் தின்பாராம். ஜனவரியில் அதைச் செய்து பார்க்கும் துணிவு எனக்கில்லை. சூடாகவே தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 27, டோக்கியோ

கசுமிகசேக்கியில் கடற்படை அமைச்சகம் இருந்த இடத்தில் இன்று வேளாண்மை அமைச்சகத்தின் கட்டடம். ஓரமாக ஒரு நினைவுக்கல், அவ்வளவுதான். வாசற்காவலர் நான் எதைப் படம் எடுக்கிறேன் என்று வந்து பார்த்து, தாமும் அப்போதுதான் முதன்முறையாக அந்தக் கல்லைப் படிப்பவர் போல நின்றார்.

பிறகு நகரத்துக்கு மேற்கே தாமா கல்லறைத் தோட்டம். ஊர் போல விரிந்த இடம், பேருந்துச் சாலையே உள்ளே ஓடுகிறது. அலுவலகத்தில் கேட்டால் வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தருகிறார்கள். என்னைப் போலக் கேட்டு வருபவர்கள் அதிகம் போலிருக்கிறது. டோகோ ஹெய்ஹச்சிரோ, யமாமோட்டோ, கொகா மினெயிச்சி மூவரும் பக்கத்துப் பக்கத்தில். சுஷிமாவில் ரஷ்யாவை வென்ற டோகோவின் அரசு இறுதிச் சடங்கு 1934 ஜூன் 5. யமாமோட்டோவுக்கும் அதே ஜூன் 5ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் முசாஷி போர்க்கப்பல் அவரது சாம்பலை டோக்கியோ வளைகுடாவுக்குச் சுமந்து வந்திருந்தது. தோல்வியின் தளபதியை வெற்றியின் தளபதிக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்க அன்றைய அரசுக்கு எவ்வளவு தேவை இருந்தது! உண்மையில் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களையும் இழந்த கணக்கில் அவர் பங்கு சிறிதல்ல. படையைப் பல துண்டாகப் பிரித்து ஒன்றுக்கொன்று உதவ முடியாத தூரத்தில் நிறுத்தியதும் அவர் திட்டம், தாமே யமாட்டோவில் நகுமோவுக்கு நூற்றுக்கணக்கான மைல் பின்னால் வந்ததும் அவர் முடிவு. தோல்வியின் பழியை அவர் தட்டிக் கழிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பேரரசரிடம் நானே மன்னிப்புக் கேட்பேன், நகுமோவை எவரும் குறை கூறக் கூடாது என்றார்.

மூன்றாவது கல்லறையை யாரும் நின்று பார்ப்பதில்லை. யமாமோட்டோவுக்குப் பின் தலைமையேற்ற கொகா, 1944 மார்ச் 31 அன்று பலாவிலிருந்து கிளம்பிய விமானத்தோடு புயலில் காணாமல் போனார். அதன் பிறகு கூட்டுக் கப்பற்படைக்கு இன்னும் இரண்டு தலைவர்கள் வந்தார்கள். கடைசியானவர் ஒசாவா ஜிசபுரோ, 1942 ஏப்ரலில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து வணிகக் கப்பல்களை மூழ்கடித்த அதே ஒசாவா. அவர் பதவியேற்றபோது தலைமை தாங்குவதற்குக் கப்பல்களே ஏறக்குறைய மிச்சமில்லை.

யமாமோட்டோவின் கல்லின் முன்னால் யாரோ ஒரு சிறு குப்பி சாக்கே, அரிசி மது, வைத்திருந்தார்கள். அவர் குடிக்க மாட்டாரே என்று, பக்கத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்த ஊழியரிடம் சைகையால் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கி, குப்பியை எடுத்துத் தம் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.